வடக்குக்குப் போக வேண்டிய மணல்

சென்னையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் கடலோரம் விளையாடிவிட்டு வரலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால், வண்டி தெற்கே பார்த்துத்தான் கிளம்பும். ராட்டினமும் பஜ்ஜிக் கடையும் வேண்டுமென்றால் மெரினா, பெசன்ட் நகர். காசு கொஞ்சம் கூடுதலாகக் கையில் இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தின் விஜிபி, அதைத் தாண்டி முட்டுக்காட்டின் எம்ஜிஎம். கடல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்குத் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தாவும் பூந்தமல்லிக்கு அப்பால் குயின்ஸ்லேண்டும் உண்டு. அண்மையில் வந்த வொண்டர்லாவும் திருப்போரூர் அருகே இள்ளலூரில்தான் அமைந்திருக்கிறது. இவற்றை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாமே துறைமுகத்துக்குத் தெற்கிலோ மேற்கிலோ விழும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நீளும் கடலோரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எண்ணூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல், இள்ளலூர் ஐம்பதுக்கும் மேல். கடலை வாசலில் வைத்துக்கொண்டிருக்கும் மக்கள், கடற்கரைக்குப் போக நகரம் முழுவதையும் கடக்க வேண்டியிருக்கிறது. இது தற்செயலாக நேர்ந்ததல்ல. வடசென்னைக்கு ஒரு சிறிய கடலோர விளையாட்டுத் திடல் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதும் அல்ல. எடுக்கப்பட்ட ஒன்றைத் திருப்பிக் கேட்பது அது. எப்படி என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில், கேட்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். வானுயர உருளும் ரோலர் கோஸ்டரும் செயற்கை அருவியும் ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணமும் கொண்ட பெரிய பூங்காவை இங்கே பேசவில்லை. மெரினா மணலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் பேசுகிறோம். ஆள் கையால் தள்ளிச் சுற்றும் குடை ராட்டினம், நான்கு தொட்டில் கட்டிய சின்ன ராட்டினம், பலகையில் வரிசையாகக் குத்திய பலூன்களும் ஒரு காற்றுத் துப்பாக்கியும், வளையம் எறியும் கடை, குதிரைச் சவாரி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, தணலில் வாட்டிய சோளம், பஞ்சு மிட்டாய். இதற்கு மேல் கொஞ்சம் போனால் பொருட்காட்சிகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் காணும் ஜெயன்ட் வீல், முன்னும் பின்னும் ஆடும் கப்பலான கொலம்பஸ், குழந்தைகளுக்கான குட்டி ரயில். மதில் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் காசு. ஏறாதவர்கள் மணலில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போகலாம். கட்டிய வேலிக்குள் இருக்கும் பூங்காவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே காசில்லாதவன் வாசலிலேயே நின்றுவிடுவான். இங்கே காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கடல் உண்டு, மணல் உண்டு, சுற்றுகிற ராட்டினத்தை வாய் பிளந்து பார்க்கும் சந்தோஷமும் உண்டு.

இப்படி ஒரு திடலுக்கு முதல் தேவை மணல். அந்த மணலின் கதையை 1875-லிருந்து தொடங்க வேண்டும். அதுவரை சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள்தான் அலையை வெட்டிக்கொண்டு ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1861-ல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது, அதுவும் போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் இரண்டு பெரும் கரங்களாக அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைப் பெரும்பகுதி குலைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயிலை அடைத்து வடகிழக்குக்கு மாற்றினார்கள். நுழைவாயிலை மாற்ற வேண்டிவந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே, துறைமுகத்தை மூடப் பார்த்த மணல்தான்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போக வேண்டும். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லால் ஒரு சுவரை எழுப்பினால், சுவருக்குத் தெற்கே மணல் தங்கும். வடக்கே வரவு நின்றுபோகும். வரவு நின்றாலும் அலை தன் வேலையை நிறுத்துவதில்லை. வடக்கே இருக்கிற மணலை அள்ளிக்கொண்டு மேலே நடக்கிறது. கடலரிப்பு என்று நாம் சொல்வது இதைத்தான்.

தெற்கே என்ன நடந்தது என்பதற்குக் கண்கண்ட சாட்சியாக ஒரு கட்டடமே நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்டது. பனிக்கட்டி உருகுவதற்குள் கிடங்கில் சேர்க்க வேண்டும் என்பதால் கடலுக்கு அருகிலேயே இடம் பார்த்தார்கள். இப்போது அதன் வாசலிலிருந்து அலையைத் தொட, அகன்ற சாலையைக் கடந்து பல நூறு மீட்டர் மணலில் கால் புதைய நடக்க வேண்டும். இடையில் உள்ள மணலில் பெரும்பகுதி துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு வந்து தங்கியது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களின் நடுவில் உலாச் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தபோது, அந்தக் கரை விரியத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உலகின் நீளமான நகரக் கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெரினாவின் அகலம், இயற்கை கொடுத்த கொடை மட்டுமல்ல. வடக்குக்குப் போக வேண்டிய மணல் வழியில் நிறுத்தப்பட்டதால் கிடைத்தது.

வடக்கே நடந்தது அதன் மறுபக்கம். துறைமுகத்துக்கு வடக்கே ஏறத்தாழ நூறாண்டுகளில் கரை அரை கிலோமீட்டர் வரை பின்வாங்கியதாகக் கடலோரப் பொறியியல் ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. அரை கிலோமீட்டர் என்பது பல தெருக்கள், குப்பங்கள், வலை உலர்த்தும் மணல்வெளி எல்லாம் அடங்கும் அகலம். கடல் சாலையை நெருங்க நெருங்கக் கருங்கல் கொட்டினார்கள். கல்லுக்குப் பின்னால் சாலை தப்பித்தது. கல்லுக்கு முன்னால் இருந்த மணல் போனது போனதுதான். ராயபுரத்தில் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய காலத்தில் அந்தப் பகுதி நகரத்தின் மதிப்பான கடலோரங்களில் ஒன்று. எண்ணூர் கழிமுகமோ கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியர்கள் படகு விடவும் ஓய்வெடுக்கவும் போன இடம். கடலோர ஓய்வு என்பது சென்னையில் வடக்கிலும் வேர் பிடித்திருந்தது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கருங்கல் குவியல், மறுபக்கம் வரிசை கட்டிய கண்டெய்னர் லாரிகள். மாலையில் காற்று வாங்க வரும் குடும்பங்கள் அந்தக் கற்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

மணல் மட்டும் போயிருந்தால் அது ஒரு தலைமுறையின் பொறியியல் பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் நகரம் தனக்கு வேண்டிய, தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ள விரும்பாத எல்லாவற்றையும் அடுத்த நூறாண்டில் இதே கரையில்தான் கொண்டுவந்து வைத்தது. விம்கோ தீப்பெட்டி, அசோக் லேலண்ட், என்ஃபீல்டு என்று வந்த ஆலைகள் வேலை கொடுத்தன. அதை மறுக்கக் கூடாது. அவற்றோடு மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் வந்தன. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம், பிறகு வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல் கழிவு கொற்றலையாற்றுக் கழிமுகத்தில். 2001-ல் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்து வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. சென்னை முழுவதற்கும் மின்சாரமும் பெட்ரோலும் சரக்கும் இந்தக் கரை வழியாகப் போகின்றன. பதிலுக்கு இந்தக் கரைக்கு ஒரு ராட்டினம்கூட வரவில்லை என்பதை நகரம் ஒருமுறையாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் கடலோர விளையாட்டுத் திடல் என்ற ஏற்பாடு வளர்ந்ததே உழைக்கும் மக்களுக்காகத்தான். இங்கிலாந்தின் பிளாக்பூலுக்கு 1846-ல் ரயில் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலைகள் ஊருக்கு ஒரு வாரமாக முறை வைத்து மூடப்படும்போது, ஆலைத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக அங்கே இறங்கினார்கள். அவர்களுடைய சில்லறைக் காசை நம்பித்தான் ராட்டினங்களும் நடன மண்டபங்களும் வந்தன. 1894-ல் கோபுரமும் எழுந்தது. நியூயார்க்கின் கோனி ஐலேண்டிலும் அப்படித்தான். 1920-ல் சுரங்க ரயில் அந்தக் கடற்கரை வரை வந்து, ஐந்து சென்ட் கொடுத்தால் நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்றானபோது, அது துணி தைப்பவர்களும் மூட்டை தூக்குபவர்களும் குழந்தைகளோடு வரும் இடமாயிற்று. இரண்டு ஊர்களிலும் ஒரே சேர்க்கைதான்: பக்கத்தில் தொழிற்பகுதி, மலிவான ரயில், மணல். வடசென்னையில் முதல் இரண்டும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புறநகர் ரயில் எண்ணூர் வரை நெடுங்காலமாக ஓடுகிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவும் நீண்டுவிட்டது. மூன்றாவதான மணல்தான் குறை.

உழைப்பவனுக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவை நாம் மேற்கத்திய ஊர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை. 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கரையில் இன்னொன்று. எட்டு மணி நேர வேலை கேட்ட இயக்கம், மீதி நேரத்தில் எட்டு மணி ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் என்று சேர்த்துத்தான் கேட்டது. பொழுதைக் கழிக்க இடம் இல்லாமல் அந்த எட்டு மணி நேரத்தை மட்டும் கொடுத்தால் அது பாதிக் கூலி.

இனி, எதிர்த்துச் சொல்லப்படுபவற்றைப் பார்ப்போம். குடிநீர் சரியில்லாத, மூச்சுக் காற்று சரியில்லாத இடத்தில் முதலில் ராட்டினமா என்று ஒரு கேள்வி எழும். நல்ல மனதோடு எழும் கேள்விதான். ஆனால் இது வடசென்னையை நோக்கி மட்டுமே கேட்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அடையாற்றிலும் கழிவு ஓடுகிறது, பள்ளிக்கரணையிலும் குப்பை மலை எழுந்தது. அதனால் பெசன்ட் நகரில் கடற்கரை உலாத் தளம் வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. அதைவிட முக்கியமாக, மக்கள் கூடும் இடமாக ஒரு கரை இருந்தால்தான் அதன் அசுத்தம் ஊரறியக் கேள்விக்குள்ளாகும். குழந்தைகள் கால் நனைக்கும் கரை என்றால் நீரைப் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டிவரும். செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றபோது, நீரின் தரத்தைத் தொடர்ந்து சோதித்துக் காட்டுவது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. எவரும் போகாத கல்லடுக்குக்கு முன்னால் எண்ணெய் மிதந்தால் அது மீனவரின் துயரம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூடும் திடலுக்கு முன்னால் மிதந்தால் அன்று மாலையே அமைச்சர் வந்து நிற்பார். விளையாட்டுத் திடல் சுத்தமான கடலுக்கு மாற்று ஆகாது. சுத்தமான கடலைக் கேட்பதற்கான ஆள்பலம் ஆகும்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று யார் வந்தாலும் கடைசியில் வெளியேறுவது மீனவர்தான் என்பது பட்டறிந்த உண்மை. 2023 ஏப்ரலில் மெரினா இணைப்புச் சாலையில் நொச்சிக்குப்பத்து மீன் கடைகள் அகற்றப்பட்டபோது பெண்கள் சாலையில் மீனைக் கொட்டி மறித்தார்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஓரிரு வார்த்தையில் ஆற்றிவிட முடியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் இருப்பவை பெரும்பாலும் மீனவக் குடியிருப்புகள். படகு ஏற்றும் இடம், வலை பின்னும் இடம், கருவாடு காயும் இடம் எல்லாம் பட்டாவில் இல்லாமல் வழக்கத்தில் இருப்பவை. ஆகவே திடல் வேண்டும் என்று வாதிடுபவர்கள் ஒரு நிபந்தனையை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்: எந்தக் குப்பத்தின் படகு நிற்கும் மணலிலும் கை வைக்கக் கூடாது; ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதல் இல்லாமல் ஓர் அடிகூட அளக்கக் கூடாது; கடைகளும் ராட்டின உரிமங்களும் அந்தந்தக் குப்பத்து மீனவப் பெண்களின் குழுக்களுக்கே முதலில். வறுத்த வஞ்சிரமும் நெத்திலியும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த அத்தோவும் விற்கும் கடைகளை அவர்களைவிட யார் நன்றாக நடத்திவிடப் போகிறார்கள்? மெரினா மணலில் ஒரே வடிவத்தில் 900 தள்ளுவண்டிக் கடைகள் அமைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்ததே, அங்கே எத்தனை குடும்பங்களின் அடுப்பு கடற்கரை வியாபாரத்தில் எரிகிறது என்பதற்குச் சான்று. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அந்த மாதங்களில்தான் வருகிறது. வருமானம் இல்லாத மாதங்களில் வருமானம் தரும் வேலை ஒன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே அமைவது சிறிய விஷயமல்ல.

மணலே இல்லாத இடத்தில் ராட்டினத்தை எங்கே நடுவது என்பது மூன்றாவது. மணல் இல்லவே இல்லை என்பது இப்போது முழு உண்மை அல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியலாளர்கள் வகுத்த திட்டப்படி ராயபுரத்துக்கு வடக்கே தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இந்தக் கல் கரங்களுக்கு இடையில் சில இடங்களில் மணல் மெல்ல வந்து தங்கியிருக்கிறது. இது போதாது, தூண்டில் வளைவு முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்துவிடும் என்பதும் தெரிந்ததே. அதனால் தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே கொட்டும் வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும். இது கற்பனை அல்ல. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொண்டுசென்று கொட்டுகிறார்கள். புதுச்சேரியில் 1989-ல் வந்த துறைமுகத்தால் காணாமல் போன நகரக் கடற்கரை, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018-ல் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டுக்குப் பிறகு ஒரு பகுதியாவது திரும்பி வந்தது. பள்ளிக்கரணையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் புதுச்சேரிக்குச் செய்ததைத் திருவொற்றியூருக்குச் செய்ய முடியாது என்று சொல்ல முடியாது. தவிர, குடை ராட்டினமும் கொலம்பஸும் கழற்றி லாரியில் ஏற்றும் பொருள்கள். ராட்டினக்காரர்கள் மாசி, பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழாவுக்குத் திருவிழா கழற்றி மாட்டிக்கொண்டே பிழைப்பவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீறும்போது கழற்றி வைத்துவிட்டுத் தை பிறந்ததும் மாட்டலாம். நிரந்தரக் கான்கிரீட் ஏதும் தேவையில்லை என்பதால் 2019-ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கட்டுப்பாடுகளுக்குள்ளும் இதற்கு வழி காண முடியும். தற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு அது நிபந்தனைகளோடு இடம் தருகிறது.

பாதுகாப்பைப் பற்றிய கவலையும் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் உடைந்து உயிர்கள் போயின. 2022-ல் மொஹாலியில் உயரத்திலிருந்து ராட்டினம் அப்படியே கீழே விழுந்தது. இவை எல்லாம் உயரத்தையும் வேகத்தையும் விற்கும் பெரிய இயந்திரங்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகாத, கையால் சுற்றும் ராட்டினத்தில் ஆபத்து மிகக் குறைவு. ஜெயன்ட் வீலுக்கும் கொலம்பஸுக்கும் அது பொருந்தாது; தவிர, உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கடலோரத்தில் ஒரு போல்ட் துருப்பிடிப்பதற்கு ஊருக்குள் ஆகும் காலம் ஆகாது. மாதம் ஒருமுறை பொதுப்பணித் துறைப் பொறியாளரின் சோதனை, வாசலில் எல்லோரும் படிக்கும்படி அந்தச் சான்று, காற்று வலுத்தால் ராட்டினத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஓர் ஆள் ஆகியவை கட்டாயம். அதைவிடப் பெரிய ஆபத்து கடல். தூண்டில் வளைவுகளின் ஓரம் நீர் இழுத்துக்கொண்டு போகும். குளிக்க அங்கே இடமே தரக் கூடாது. கால் நனைக்கலாம் என்று எல்லை குறித்த இடத்தில் மீனவ இளைஞர்களையே உயிர்காப்பாளர்களாக வேலைக்கு வைக்க வேண்டும். இன்று எந்தக் காவலும் இல்லாமல் பிள்ளைகள் அந்தக் கற்களிலிருந்து குதிக்கிறார்கள். காவல் உள்ள ஒரு திடல் அந்த ஆபத்தைக் குறைக்கும்.

மெட்ரோதான் வந்துவிட்டதே, மெரினாவுக்கே போய்வரலாமே என்றும் சிலர் கேட்கலாம். விம்கோ நகரில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்து, திரும்பும்போது தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே வழியில் வர வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் போக வரக் கட்டணமே ராட்டினத்துக்கு வைத்த காசை விழுங்கிவிடும். மெரினாவின் நிலையையும் பாருங்கள். காணும் பொங்கலன்று குழந்தைகள் தொலைந்துபோகாமல் இருக்கக் கையில் பெற்றோர் கைபேசி எண் எழுதிய பட்டை கட்டி விடும் அளவுக்குக் கூட்டம். ஒரு பெருநகரத்தின் மொத்தக் கடலாசையையும் ஒரே மணல்வெளி தாங்க வேண்டியதில்லை. கொழும்பில் 1859-ல் கவர்னர் ஹென்றி வார்டு அமைத்த காலிமுகத் திடல் துறைமுகத்துக்கு அருகில்தான் இருக்கிறது. கப்பல்கள் ஒருபுறம் தெரிய, மறுபுறம் பிள்ளைகள் பட்டம் விட, இறால் வடைக் கடைகளில் கூட்டம் நிற்கிறது. துறைமுகமும் பொதுமக்கள் திடலும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை என்பதற்கு நம் கண்ணுக்கு எட்டிய சான்று அது.

கடைசியாகப் பணம். தமிழ்நாடு அரசு 2023-ல் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 1,000 கோடி ரூபாயில் அறிவித்தது. 2024 மார்ச்சில் அது தங்கசாலையில் 4,181 கோடி ரூபாய்ப் பணிகளோடு தொடங்கி வைக்கப்பட்டது. பேருந்து நிலையம், மருத்துவமனை, குடியிருப்பு, பள்ளி என்று அதில் இருப்பவை எல்லாம் வேண்டியவைதான். கடற்கரையை மேம்படுத்தும் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. அந்தத் திட்டத் தொகையில் சிறு பகுதி போதும் இந்தத் திடலுக்கு. ஆனால் மணலைத் திரும்பக் கொண்டுவரும் செலவை அரசின் பொதுப் பணத்தில் மட்டும் போடுவது நியாயமல்ல. மணலை நிறுத்தியது துறைமுகம். கடலைக் கெடுத்ததில் ஆலைகளுக்குப் பங்கு உண்டு. 2021-ன் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் துறைமுகங்கள் தம் நிதியைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வழி திறந்திருக்கிறது. 2013-ன் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். எண்ணூர், மணலிப் பகுதி ஆலைகளின் அந்த இரண்டு விழுக்காடு, பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காமல் இந்தக் கரைக்கு வர வேண்டும் என்று கேட்பதற்கு இங்கே வசிப்பவர்களுக்கு முழு உரிமை உண்டு.

தொடங்குவதற்குப் பெரிய திட்ட அறிக்கை தேவையில்லை. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து கடல் நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. அருகில் தியாகராசர் கோயில், கரையில் பட்டினத்தார் சமாதி. கோயிலுக்கு வரும் குடும்பங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்த்தான் திரும்புகின்றன. மாசித் திருவிழாவுக்கு வரும் ராட்டினக்காரர்களைத் தூண்டில் வளைவுகளுக்கு இடையில் தங்கிய மணலில் கோடை முடியும்வரை நிறுத்திவைக்க மாநகராட்சி அனுமதித்தால் போதும். முதல் ஆண்டு அங்கேயே தொடங்கிவிடலாம். விளக்கு, கழிப்பறை, குடிநீர், ஓர் ஆம்புலன்ஸ், இரண்டு காவலர்கள். கூட்டம் வந்து காட்டிய பிறகு மணலைப் பெருக்கும் வேலையை யாரும் தள்ளிப்போட முடியாது. சென்னை மாநகராட்சியின் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் வசிப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போய், குடிநீர் மனுவோடும் சாலை மனுவோடும் சேர்த்து இந்த மனுவையும் கொடுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.